இருமாத இருநூற்றுப் பன்னிரண்டு பேர்

மூச்சு விடாமல் தந்தது கருவி:
நாற்பத்தொரு மேற்கோள்கள்.
ஒரூரோவில் எங்கள் துறைக்கு ஏறும் படிகளில்
நான் இரண்டு முறை நின்றாக வேண்டும்,
கடலைவிட மூவாயிரத்து எழுநூறு மீட்டர் உயரம்.
அது நிற்கவில்லை.

முப்பத்து நான்காவதில் என் கண் நின்றது.
எண்பத்தேழாம் வருடம், இதே ஊர்,
தகரச் சுரங்கத் தொழிலாளர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்,
தொண்ணூற்றெட்டுப் பேரின் நுரையீரலில் கல்தூசு.
தொகுதி எண், பக்க எண்,
மூன்று ஆசிரியர்கள்;
ஒருவருக்கு நடுப்பெயர்கூட.

எட்டு மாதமாக நான் தேடிய வாக்கியம்.
கட்டுரையில் அதற்கென்றே
ஒரு பள்ளம் வெட்டி வைத்திருந்தேன்.
கச்சிதமாய் உட்கார்ந்தது.
அந்தக் கச்சிதமே உறுத்தியது
என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.
இல்லை. காப்பி போட்டுக் குடித்தேன்,
சந்தோஷமாக.

உறுத்தியது எக்ஸ்ரே எடுக்கும் ருஃபினோவுக்கு.
"எண்பத்தாறிலேயே சுரங்கத்தை மூடி
அப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களே,
எண்பத்தேழில் யாரைப் படமெடுத்தார்கள்?"

மருத்துவமனையின் பின்கட்டில் ஆவண அறை.
சாவிக்காரி செலெஸ்தீனா
வானொலியில் கால்பந்து முடியும்வரை எழுந்திருக்கவில்லை.
இரண்டு பிற்பகல்கள், மூக்கில் துணி கட்டிக்கொண்டு.
தூசைப் பற்றி எழுதுகிறவனுக்குத் தூசு ஆகாது.
அந்த இதழ் இருந்தது.
அந்தத் தொகுதி இருந்தது.
அந்தப் பக்கத்தில்
பள்ளிப் பிள்ளைகளின் குடற்புழுக்கள் இருந்தன.

ஆக, இருநூற்றுப் பன்னிரண்டு பேரும்
ஒருநாளும் இருமியதில்லை.
கோக்கா இலை மென்றதில்லை,
உதவித்தொகை வரிசையில்
குளிரில் நின்றதில்லை.
காற்றில் செய்த நுரையீரல்கள்;
அதனால்தான்
அத்தனை சுத்தமாக எண்ண முடிந்திருக்கிறது.

அடித்தட்டில், யாரும் தேடாத ஒரு பதிவேடு.
ஊதா மை. அறுபத்து மூன்று பெயர்கள்.
முப்பதாம் பக்கத்துக்கு மேல் பூஞ்சை தின்றிருந்தது.
"கொண்டோரி, ஹிலாரியோன். வயது 34.
படி ஏற முடியவில்லை."
அவ்வளவுதான். படம் இல்லை, அளவு இல்லை,
எதையும் நிரூபிக்காது.
இருந்தவன் என்பதைத் தவிர.

அன்றிரவு இன்னொன்றும் செய்யப் பார்த்தேன்.
மாக்சிமாவின் பேட்டி, ஐமாராவும் ஸ்பானியமும் கலந்து
நாற்பது நிமிடம்.
சுருக்கித் தா என்று அப்படியே ஒட்டப் போனேன்:
பெயர், தெரு, அடையாள அட்டை எண்,
மகனின் குடிப்பழக்கம்.
ஒப்புதல் தாளில் அவள் கட்டைவிரல் பதித்தபோது
என் பெயரை வாசித்துக் காட்டினேன்,
பல்கலைக்கழகத்தின் பெயரையும்.
மூன்றாவதாக ஒரு பெயர்
அந்தத் தாளில் இல்லை.
விசையிலிருந்து விரலை எடுத்தேன்.
கையால் எழுதி முடிக்க நான்கு நாள் ஆயிற்று.

கருவியைத் தூக்கி எறியவில்லை.
என் உடைசல் ஆங்கிலத்தை அதுதான் நிமிர்த்தியது.
"நெஞ்சுக்குள் ஈரச் சாக்கு"
என்று ஒருவர் சொன்னதை மட்டும்
"மூச்சுத்திணறல்" ஆக்கிவிட்டது.
தப்பில்லை.
நான் சாக்கைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தேன்.

கடைசியில் ஒரு பத்தி சேர்த்தேன்:
எதற்கு அதைப் பயன்படுத்தினேன், எதற்கு இல்லை,
நாற்பத்தொன்றில் ஏழு எங்குமே இல்லாதவை,
மிஞ்சிய பிழைகள் என்னுடையவை.
உடன் எழுதும் டாக்டர் இபான்யெஸ் முகம் சுளித்தார்.
"இதை எதற்கு எழுதுகிறாய்?
எல்லோரும்தான் செய்கிறார்கள்,
யாராவது மூச்சு விடுகிறார்களா?"
"கட்டுரையே மூச்சைப் பற்றியதுதானே, டாக்டர்"
என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. பத்தி தங்கிவிட்டது.

பள்ளமும் இருக்கிறது,
விளிம்பில் ஒரு வரியோடு:
இந்த ஆண்டுகளுக்குத் தரவு கிடைக்கவில்லை.

கீழே ருஃபினோவின் அறையில்
காலையிலிருந்து அதே குரல்.
"இழுங்க... பிடிங்க... அசையாதீங்க..."
யாரோ, பிடிக்க முடியாமல் இருமுகிறார்.
"பரவாயில்லை ஐயா.
மறுபடி முதலிலிருந்து."